எண்ணெய் ஊறும் நேரம்

கண்ணை மூடுங்க என்கிறாள், மூடிக்கொண்டேன், மூடினாலும் ஒரு துளி எப்படியோ உள்ளே போய்விடுகிறது. நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சியிருக்கிறாள், அந்த வாசனை மூக்கு வழியாக ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உச்சியில் நாலு தட்டு, பிடரியில் ஒரு தேய், காதுக்குள் சுண்டுவிரல், கல்யாணமான நாளிலிருந்து மங்கைக்கு இதே வரிசைதான். என் கண்ணாடியைக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் வைத்தாள், பக்கத்தில் என் போனையும் வைத்தாள். "ஊறட்டும். எழுந்து நடமாடாதீங்க, தரையெல்லாம் எண்ணெயாயிடும். ஜெபின் குளிச்சிட்டு வரட்டும், அப்புறம் நீங்க போகலாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஜெபின் குளிச்சிட்டு வரட்டும். முதலில் மாப்பிள்ளை, அப்புறம்தான் மாமனார், தலை தீபாவளி வீட்டில் அதுதானே முறை. மாப்பிள்ளை என்றால் என் மகளுக்கு வந்த மாப்பிள்ளை இல்லை. மகன் இனியன் பெங்களூரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிற பையன், நாகர்கோவில் பக்கத்துக்காரன், கிறிஸ்தவப் பிள்ளை, பெயர் ஜெபின். இரண்டு பேரும் மூன்று வருஷமாக ஒன்றாக இருக்கிறார்கள். தலை தீபாவளி என்பது பெண் வீட்டில் செய்கிற முறை, இதில் பெண் வீடு எது என்று நானாக இருந்தால் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். மங்கை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அவங்க வீட்ல தீபாவளியே கிடையாது, அப்ப நாமதான் பொண்ணு வீடு" என்றாள். தீர்ந்தது. பட்டுக்கரை வேட்டி வாங்கி, முனையில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்தாயிற்று. அதை என் கையால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. காலையில் காபி குடிக்கும்போது அடுக்களை ஜன்னல் வழியாக இனியன் குரல் இந்தப் பால்கனிக்கு நன்றாகவே கேட்டது. "அப்பா தன் கையால குடுக்கட்டும்மா. முகத்தைத் திருப்பிக்கிட்டார்னா மத்தியான பஸ்ஸுக்கே நாங்க கிளம்பிடறோம். இனிமே வந்து அவரைச் சங்கடப்படுத்த மாட்டோம்." சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை, முடிவு செய்துவிட்ட குரலில் சொன்னான். மங்கை அதற்கு, "அவருக்குக் கொஞ்சம் டைம் குடுடா" என்றாள். இரண்டு வருஷமாக எனக்கு எல்லோரும் டைம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கை இரண்டும் எண்ணெய். போனைத் தொட முடியாது, பேப்பர் பிரிக்க முடியாது, கண்ணாடி இல்லாமல் எதிர் பிளாக் ஒரு மஞ்சள் சுவர், அதற்குக் கீழே யாரோ கம்பி மத்தாப்பு சுற்றுகிறார்கள், வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இப்படிச் சும்மா உட்கார்ந்தால் மனசு நேராக நேற்று மத்தியானத்துக்குப் போகிறது, வேண்டாம் என்றாலும் அங்கேதான் போகிறது, நேற்று மத்தியானம் கேட்ட அந்தச் சத்தத்துக்கு. இனியன் அறையில் ஒற்றைக் கட்டில் இரண்டு உண்டு, ஒன்று அவனுடையது, ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று ஜன்னலோரம், ஒன்று பீரோவோரம். சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போன இரண்டு பேரும் கட்டிலை இழுத்தார்கள். கிர்ர் என்று டைல்ஸில் இரும்புக் கால் இழுபடுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. என் மகள் தேன்மொழி ஓடிப்போய், "இருங்க இருங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றாள். "ஏய், தூக்குடீ, இழுக்காத" என்று அண்ணன் அதட்ட, அந்தப் பையன் சிரிக்க, மறுபடி கிர்ர். பகல் மூன்று மணிக்குக் கதவைக்கூடச் சாத்தாமல் இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டார்கள். நான் கூடத்தில் டிவியில் ஓடிய எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன், வயிற்றில் யாரோ மிளகாய்த் தூளைக் கொட்டியது போல எரிந்தது. இனியன் எட்டிப் பார்த்து, "சாரிப்பா, சத்தம் அதிகமா?" என்றான். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் முகம் சுருங்கிப் போயிற்று. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டான், எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறார்கள். சாயங்காலம் மூன்றாம் மாடிப் பசங்கள் வெடியோடு வந்தார்கள், எல்லாம் காலேஜ் படிக்கிற வயசு. "ஜெபின் ப்ரோ, புது மாப்பிள்ளை, முதல் சரம் நீங்கதான் பத்த வைக்கணும்" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அதில் ஒருத்தன், பல்லுக்குக் கம்பி கட்டிய பையன், லிஃப்ட் வாசலில் நின்று இனியனைக் கேட்டான், "எத்தனை வருஷம் ப்ரோ நீங்க ரெண்டு பேரும்?" "மூணு." "செம" என்றான் அவன். அவ்வளவுதான், செம. சொல்லிவிட்டு லிஃப்ட் பட்டனை அழுத்தினான். எனக்கு வியர்த்துவிட்டது, யார் காதிலாவது விழுந்ததா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தேன், அவர்கள் பாட்டுக்கு லிஃப்டில் ஏறிக் கீழே போய்விட்டார்கள். ஒரே ஒரு சொல், பஜ்ஜி நன்றாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லை என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் என் ஆயுசில் பாதியைக் கொடுத்திருப்பேன்.

பொறாமைதான். நாகரிகமாக வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளை மேல் எந்த அப்பனாவது பொறாமைப்படுவானா, படுகிறேன், காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் படுகிறேன். அவன் வேலை மேல் இல்லை, வயசு மேல்கூட இல்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறானே, அதன் மேல். தேன்மொழி வேறு எனக்குப் பாடம் எடுக்கிறாள். அண்ணன் விஷயம் வீட்டுக்குத் தெரிந்த புதிதில் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், இருபது வயசுப் பெண், டீச்சர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, இது நோய் இல்லப்பா. பழக்கமும் இல்ல. சில பேருக்கு இயற்கையிலயே இப்படித்தான். எங்க கிளாஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க, யாரும் கண்டுக்கிறது இல்ல" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். கொல்லர் தெருவில் வந்து ஊசி விற்கிறாள் என் மகள். பதினேழு வயசிலிருந்து எனக்குத் தெரிந்ததை, சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லாமல் தெரிந்துவைத்திருந்ததை, அவள் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டு எனக்குச் சொல்கிறாள். வீடியோ வேறு அனுப்பினாள், 'பெற்றோர் தங்களை மாற்றிக்கொள்வது எப்படி' என்று. பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அப்புறம் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்கு ஒரு சந்தேகம், "அண்ணனோட ஆளை நான் என்னன்னு கூப்பிடறது? அண்ணின்னா உதைப்பான். மச்சான்னா நல்லாயிருக்குமாம்மா?" மங்கை ரசத்தை ஊற்றியபடியே, "பேர் சொல்லிக் கூப்பிடு, பெரியவங்க எதிர்ல மட்டும் அண்ணான்னு சொல்லு" என்றாள். என்ன கவலை பாருங்கள், என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்கிற கவலை. நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த நேரத்தில் நான், "மச்சான்னே கூப்பிடும்மா" என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் வீடே கொண்டாடியிருக்கும். சொல்ல வாய் வராததற்குப் பயம்தான் காரணம். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் எப்படிப்பா உடனே ஒத்துக்கிட்டீங்க என்று கேட்பார்களே, கேட்டால் எங்கேயிருந்து ஆரம்பிப்பது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பழைய காலத்து மனுஷன், மின்வாரிய இன்ஜினியர், கட்டுப்பெட்டி, டைம் கொடுப்போம் என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை. ஆனால் இன்றைக்கு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விடுவானாமே, போனால் வரமாட்டானாமே. சொன்னால் செய்கிற பிள்ளை அவன்.

போன் வாஷிங் மெஷின் மேல் ஒருமுறை உறுமி அடங்குகிறது. யாரென்று பார்க்கவேண்டியதில்லை. தீபாவளி, பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு என்றால் காலையிலேயே வந்துவிடும், குத்துவிளக்கும் ரோஜாப்பூவும் போட்ட ஒரு படம், எவனோ அனுப்பியதை இவன் எனக்குத் தள்ளிவிடுவான். தன் சொந்த வார்த்தை ஒன்றும் எழுதமாட்டான், நானும் எழுதமாட்டேன், கைகூப்புகிற ஒரு பொம்மையைத் திருப்பி அனுப்புவேன். மாசிலாமணி. கரூரில் இருக்கிறான், பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற படம் போட்டிருக்கிறான், முடி முழுக்கப் போய்விட்டது. அந்த முடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்திருந்தோம், அவனும் நானும், பயிற்சிக்கு வந்த இடத்தில் சேர்ந்த சேர்த்தி. அங்கேயும் இரண்டு இரும்புக் கட்டில், ஒன்று ஜன்னலோரம், ஒன்று சுவரோரம். ராத்திரி சேர்ப்போம், விடிவதற்கு முன்னால் பிரிப்போம், பெருக்குகிற அம்மாள் ஆறு மணிக்குக் கதவைத் தட்டிவிடுவாள். சத்தம் வரக்கூடாது, அதனால் இழுப்பது கிடையாது, தலைப் பக்கம் அவன், கால் பக்கம் நான், மூச்சைப் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் அவன் கை நழுவிக் கட்டில் கால் என் பெருவிரலில் விழுந்தது, நகம் கறுத்துப்போய்ப் பிய்ந்துவிட்டது. நான் கத்தவில்லை, தலையணையைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவன் என் வாயைப் பொத்தினான், என் கண்ணில் தண்ணீர், அவன் கண்ணிலும். இன்றைக்கும் அந்த நகம் கோணலாகத்தான் வளர்கிறது. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் சிமெண்ட் தரையில் கோடு விழுந்துவிட்டது, அதன் மேல் பாயை விரித்து மறைத்தோம். அறையைக் காலி பண்ணும்போது மேனேஜர் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது இவ்ளோ கீறல்?" என்றார். மாசிலாமணி சட்டென்று, "எலி சார், பெரிய எலி" என்றான். வெளியே வந்து ரயில்வே பாலம் வரைக்கும் சிரித்தோம், பாலத்துக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது, நான் கல்யாணத்துக்காக அல்லவா அறையைக் காலி பண்ணினேன். இவர்கள் கிர்ர் என்று இழுக்கிறார்கள். டைல்ஸில் கோடு விழும் என்று மங்கைகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாத்ரூமில் அந்தப் பையன் அலறுகிறான், "எலேய், எரியுதுல மக்கா, கண்ணெல்லாம் எரியுது." கதவுக்கு வெளியே இனியன் சிரிக்கிறான், "கண்ணை மூடிக்கிட்டுத் தேய்டா லூசு, சீயக்காய் புதுசா பாத்தவன் மாதிரி." "புதுசாத்தானல பாக்கேன்." மறுபடி சிரிப்பு, மங்கையும் சேர்ந்து சிரிக்கிறாள், மூன்று சிரிப்பும் இந்தப் பால்கனிக்கு வருகிறது. எனக்கும் ஒரு தலை தீபாவளி நடந்தது, கும்பகோணத்தில், மங்கை வீட்டில். மாமியார் எண்ணெய் வைத்தார், மாமனார் மோதிரம் போட்டார், கொழுந்தியாள்கள் லேகியத்தில் மிளகாயை வைத்துக் கொடுத்துவிட்டு ஓடினார்கள், எல்லாம் நடந்தது, நான் சிரிக்கவேண்டிய இடங்களில் சிரித்தேன். மத்தியானம் இலை போடுகிற நேரத்துக்கு மாசிலாமணி வந்து வாசலில் நின்றான், கையில் அல்வாப் பொட்டலம். கூப்பிடாமலே வந்துவிட்டான். "மாப்பிள்ளையோட சிநேகிதராம்" என்று கடைசி இலையில் உட்கார வைத்தார்கள். எனக்கு முதல் இலை, பக்கத்தில் மங்கை, எனக்கு வைத்த பிறகு ஒவ்வொன்றும் அவனிடம் போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போய்விடும். நான் அவன் இலையையே பார்த்தேன், அப்பளத்தை உடைத்தபடி அவன் என் மோதிரத்தையே பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு இருந்தது எனக்கு அப்போது புரியவில்லை, அடுத்த தை மாதம் அவன் கல்யாணத்தில்தான் புரிந்தது. மேடையில் அந்தப் பெண் அவன் தோளை ஒட்டி நின்றாள், மாலை மாற்றும்போது அவன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். என்ன சொன்னான், என்னிடம் சொன்ன ஏதாவதா, அந்த எலி ஜோக்கா. பந்தியில் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு மண்டபத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் அவள் உண்டானாள் என்று கடிதம் வந்தது, அதற்கும் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை, எனக்கே அப்போது இனியன் பிறந்து மாதக் கணக்கு ஆகியிருந்தது. நியாயமில்லாத பொறாமைதான். நியாயம் பார்த்து வருவதற்கு அது என்ன சம்பளமா. கும்பகோணத்தில் அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அவனை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் வந்தது, கூட்டம் என்றான், விட்டோம். அடுத்தது காலியாக வந்தது, அதையும் விட்டோம். சோடா குடித்தோம், பாட்டிலை அவன் குடித்துவிட்டு எனக்குக் கொடுத்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினேன், பஸ் லேட் என்று சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள்.

கதவு திறக்கிற சத்தம், சீயக்காய் வாசனை, ஈரத் துண்டோடு ஒரு உருவம் பால்கனிக்கு வருகிறது. கண்ணாடி இல்லாததால் முகம் தெரியவில்லை, உயரம் மட்டும் தெரிகிறது, இனியனைவிட ஒரு பிடி உயரம். "அங்கிள், துண்டு காயப்போட வந்தேன்" என்கிறான். கொடியில் துண்டை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போகாமல் நிற்கிறான். போயேன்டா என்று நினைக்கிறேன், போய்விடக்கூடாது என்றும் நினைக்கிறேன். "கண்ணு இப்பிடித்தான் எரியுமா அங்கிள்?" "மூடிக்கிட்டா எரியாது." "மூடிட்டுத்தான் இருந்தேன்." அவன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கீழே மத்தாப்பைப் பார்க்கிறான். "எங்க வீட்ல அப்பா என்கிட்ட பேசி ரெண்டு வருசம் ஆகுது அங்கிள். அம்மா மட்டும் சர்ச்சுக்குப் போற வழியில போன் போடுவாங்க, அவருக்குத் தெரியாம. நீங்க ஒண்ணும் பேசலைன்னாலும் இங்க ஒக்காந்து இருக்கீங்க பாத்தீங்களா, எனக்கு அதே சந்தோசம். இனியன்கிட்டயும் அதான் சொன்னேன், அப்பாவ வற்புறுத்தாதன்னு." இதைக் கேட்டும் பாழாய்ப்போன மனசு என்ன நினைக்கிறது தெரியுமா, அப்பன் பேசாமல் போகிற அளவுக்காவது இவன் அப்பனிடம் போய்ச் சொல்லியிருக்கிறானே என்றுதான் நினைக்கிறது. என் அப்பா சாகிற வரைக்கும் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், அவர் பேசியது யாரோடு என்று அவருக்குத் தெரியாது. "தலை தொவட்டு. ஈரத்தோட நிக்காத" என்கிறேன். இவ்வளவுதான் வாயில் வந்தது. "சரி அங்கிள்" என்கிறான், அந்தச் சரியில் ஒரு துள்ளல், ஒரு வாக்கியத்துக்கே இவ்வளவு சந்தோஷப்படுகிறான். உள்ளே போனதும் இனியனிடம் கிசுகிசுப்பது கேட்கிறது, "ஒங்க அப்பா தலை தொவட்டச் சொன்னாங்கல." பதிலுக்கு, இனியன் தன் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம்தான் வந்தது, எதையோ எடுக்கிறானா, அடைக்கிறானா, இங்கே இருந்து தெரியவில்லை.

மங்கை வருகிறாள், கையில் சீயக்காய்க் கிண்ணம். "பாத்ரூம் காலி, எழுந்திருங்க." போன் மறுபடி உறுமுகிறது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளே எடுத்துப் பார்க்கிறாள், அவள் பார்ப்பதில் ஒன்றும் இல்லை, எப்போதும் பார்ப்பதுதான். "மாசிலாமணி அண்ணன் தீபாவளி வாழ்த்து அனுப்பியிருக்கார். இப்ப மறுபடி ஒண்ணு. விளக்கு, ரோஜாப்பூ." "ம்." "பதில் போடட்டுமா, அந்தக் கும்புடற பொம்மை?" "அப்புறம் போட்டுக்கலாம்." போனை வைத்தவள் உடனே போகவில்லை, என் பின்னால் வந்து நின்று உச்சியில் இன்னொரு தட்டு தட்டினாள், எண்ணெய் ஊறிப்போய்விட்ட தலையில் எதற்கு என்று தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து கட்டில் சத்தம் கேட்டதுல இருந்து முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க. பசங்க, நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனைக்குதுங்க. கோவம் இல்லன்னு எனக்குத் தெரியும்." "பின்ன என்னவாம்?" என்கிறேன், குரல் எனக்கே கேட்கவில்லை. "வயித்தெரிச்சல்" என்கிறாள். கீழே ஒரு சரம் வெடிக்கிறது, அது முடிகிற வரைக்கும் காத்திருக்கிறாள், நான் எழுந்து ஓடிவிடலாமா, எண்ணெய்க் காலோடு எங்கே ஓடுவது. "அன்னிக்கு ரெண்டு பஸ்ஸை விட்டீங்கள்ல? எங்க தம்பி பட்டாசு வாங்கப் போனவன் பாத்துட்டு வந்து சொன்னான், அத்தான் பஸ் ஸ்டாண்ட்லயே நிக்கிறார், வர்ற பஸ்ஸையெல்லாம் விடறார்னு. நான் புதுப் புடவையைக் கட்டிக்கிட்டு மொட்டை மாடியில தெருவையே பாத்துக்கிட்டு நின்னேன். விளக்கு வைக்கிற வரைக்கும் நின்னேன்." அவள் கை என் தலையிலேயே இருந்தது. "எல்லாரும் உங்க தலை தீபாவளி உங்க தலை தீபாவளின்னாங்க. அது எனக்கும் தலை தீபாவளிதாங்க."

முப்பது வருஷமாக இந்த வீட்டில் வயிறெரிகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு, அதை யாருக்கும் பங்கு கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் என்னைவிடப் பழைய எரிச்சல் இருந்திருக்கிறது. அதனால்தான் இனியன் சொன்ன உடனே அவளால் ஒத்துக்கொள்ள முடிந்ததா, எந்த வீடியோவும் பார்க்காமல், யாரும் டைம் கொடுக்காமல். இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து இன்னொரு மொட்டை மாடியில் நிற்க வைக்கவேண்டாம் என்று நினைத்திருப்பாளா. "மங்கை" என்றேன். "கண்ணை மூடுங்க, வழியுது" என்றாள். வழிந்தது எண்ணெய்தானா என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. "அதுங்க மேல காட்டாதீங்க. அதுங்க என்ன பண்ணுச்சு பாவம். போய்க் குளிங்க, இட்லி ஆறுது." சீயக்காய்க் கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். குளித்தேன், சுடுதண்ணீர் போதவில்லை, மாப்பிள்ளை எல்லாவற்றையும் காலி பண்ணிவிட்டிருந்தான், அதற்கும் கொஞ்சம் எரிச்சல் வந்தது, வந்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது. எண்ணெய்ப் பசை போகவே இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் காது மடலில் ஒரு வழவழப்பு மிச்சம்.

கூடத்தில் கோலப்பலகை போட்டு வேட்டித் தட்டை வைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டதால் இப்போது எல்லாம் தெரிகிறது, இனியன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறான், அவன் காலடியில் பெங்களூர்ப் பை, ஜிப் போட்டுத் தயாராக. ஜெபின் தலை துவட்டிச் சீவியிருக்கிறான், கண் இரண்டும் கோவைப்பழம். தேன்மொழி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கத் தயாராக நிற்கிறாள், அப்பா சொதப்பினால் அதுவும் பதிவாகிவிடும். நான் தட்டை எடுத்தேன், கனமே இல்லை, ஒரு வேட்டி, நாலு வெற்றிலை, பாக்கு, பழம், இதற்கா இவ்வளவு. "ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு குடுக்கணும்" என்று சொல்லி மங்கை என் பக்கத்தில் வந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். "இந்தா, வாங்கிக்க" என்று நீட்டினேன். ஜெபின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்றான். "மாமான்னு கூப்பிடு" என்றேன். இனியன் கட்டின கையைப் பிரித்தான். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக எங்கள் காலில் விழுந்தார்கள், பலகைக்கு இடம் போதாமல் ஒருத்தன் தோள் ஒருத்தன் மேல் இடிக்க, இரண்டு ஈரத் தலையும் என் கோணல் நகத்துக்குப் பக்கத்தில். ஆசீர்வாதம் சொல்லவேண்டும், பதினாறும் பெற்று என்று ஆரம்பிப்பதெல்லாம் இதற்குச் சரிப்படாது, தீர்க்க சுமங்கலி என்றும் சொல்லமுடியாது, எனக்குத் தெரிந்த வாழ்த்து எதுவும் இவர்களுக்கென்று செய்ததில்லை. "ஒருத்தரை ஒருத்தர் விட்டுடாதீங்கடா" என்றேன். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, அந்த இரண்டு தலையையும் பார்க்கப் பார்க்க எரியத்தான் செய்தது, எரிந்தபடியேதான் சொன்னேன், சொன்னது நிஜம். இனியன் எழுந்து என்னை உற்றுப் பார்த்தான், ஏதோ கேட்க வந்தவன் கேட்கவில்லை, காலால் அந்தப் பையைச் சோபாவுக்கு அடியில் தள்ளினான். "அப்பா, செம!" என்று கத்தினாள் தேன்மொழி. "பாத்தியாம்மா, நான் அனுப்புன வீடியோ வேலை செஞ்சிடுச்சு." நான் மங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மகளைப் பார்க்கவில்லை, ஜெபின் வேட்டியைப் பிரித்து இனியன் தோளில் போட்டு அளவு பார்ப்பதை, இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு சிரிப்பதை, விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அதை அவள் முகத்தில் பார்த்தேன். தட்டை என்னோடு சேர்ந்து பிடித்த அந்தக் கையைத் தேடிப் பிடித்தேன். விலக்கவில்லை. "ஆமாடி" என்றாள் மகளிடம், "வீடியோதான்."